3 கிலோ குறைக்காமல் 6 கிலோ ஏறிய லவ்லினா... ஏன்?

டோக்கியோ ஒலிம்பிக் குத்துச்சண்டையில் 69 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றவர் அசாமின் லவ்லினா போர்கோஹெய்ன். பாரிஸ் 2024-ல் அந்தப் பிரிவையே தூக்கிட்டாங்க. மிச்சம் இருந்தது 66 அல்லது 75. (லண்டன் 2012-ல் மேரி கோம் 51 கிலோவுக்கு ஏறியதும், ஒலிம்பிக்கில் 48 கிலோ பிரிவு இல்லாததால்தான்.)

3 கிலோ குறைக்கிறதுதானே ஈஸி? இல்லை. போட்டி நடக்கும் ஒவ்வொரு நாளும் காலையில் எடை பார்ப்பாங்க. சாப்பாடு, தண்ணீரைக் குறைச்சுட்டு ரிங்கில் ஏறினா கை ஓடாது. உயரமான லவ்லினா 75-க்குப் போனார். 2023-ல் டெல்லியில் உலக சாம்பியனும் ஆனார்.

ஆனா மேல போனா, அந்த எடையிலேயே ஊறினவங்க காத்திருப்பாங்க. சீனாவின் லி சியான் 75 கிலோவில் ரியோவில் வெண்கலம், டோக்கியோவில் வெள்ளி வாங்கியவர். ஹாங்சோ ஆசிய விளையாட்டு ஃபைனலிலும், பாரிஸ் காலிறுதியிலும் லவ்லினா தோற்றது இவரிடம்தான். பாரிஸ் தங்கமும் லி சியானுக்கே.