யூதர்கள் யாருக்கும் உதவுவதில்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒரு சகோதரர், "யூதன் தன் ஆளைத் தவிர வேறு யாருக்கும் ஒரு பிடி அரிசி கொடுக்கமாட்டான்" என்று போட்டிருந்தார். காஸாவை நினைத்து வந்த கோபம். அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்த வசனம் உண்மை இல்லை.

2004 சுனாமியின்போது இஸ்ரேல் அனுப்பவிருந்த 150 பேர் கொண்ட இராணுவ மருத்துவக் குழுவை நமது அரசாங்கம் வேண்டாம் என்றது. பலருக்கு நினைவிருப்பது அது மட்டும்தான். அது ஒரு நாட்டின் இராணுவம். அமெரிக்க யூதர்களின் தர்ம நிறுவனமான 'ஜொயின்ட்' வேறு. அதே சுனாமிக்குப் பிறகு அவர்கள் இலங்கையிலும் இந்தோனேசியாவிலும் நிவாரண வேலை செய்தார்கள். இந்தோனேசியா யாருடைய நாடு என்று நான் சொல்லத் தேவையில்லை.

1914இல், முதலாம் உலகப் போர் நேரம், உஸ்மானிய ஆட்சியில் இருந்த பலஸ்தீனத்து யூதர்கள் பட்டினி கிடந்தார்கள். உஸ்மானிய அரசுக்கான அமெரிக்கத் தூதுவர் 50,000 டொலர் கேட்டுத் தந்தி அடித்தார். அப்படித் தொடங்கியதுதான் இது. தம் ஆட்களுக்காகவே தொடங்கினார்கள், உண்மை. மற்றவர்களுக்கும் கொடுத்தது பிறகுதான்.

எனக்குப் பிடித்தது அந்தப் பெயர். மார்க்கப் பிடிப்புள்ளவர்கள் ஒரு கமிட்டி, பணக்காரர்கள் ஒரு கமிட்டி, தொழிலாளர்கள் ஒரு கமிட்டி. ஒருவரை ஒருவர் அவ்வளவாகப் பிடிக்காது. வசூலைத் தனித்தனியே செய்தாலும் பங்கிடுவதைச் சேர்ந்தே செய்தார்கள். அதனால்தான் 'ஜொயின்ட்'.

நமது ஊரில்? போன வெள்ளத்துக்கு மூன்று ஜமாஅத், மூன்று பட்டியல். எங்கள் வீட்டுக்கே மூன்று உலர் உணவுப் பொதி வந்தது. அரிசியைப் பார்த்து உம்மா வெட்கப்பட்டார். மேல் பிரிவு லயத்தில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் வீடுகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மண் சரிந்து லயத்தையே மூடியது. லயத்தில் இருப்பவர்களுக்கு மலை எவ்வளவு பக்கம் என்று நமக்குத் தெரியாதா?

"ஸகாத்தை அவர்களுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்பீர்கள். அதை மௌலவியிடம் கேளுங்கள். ஸதகாவுக்கு அந்தத் தடை இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மூன்று தரப்பு நிர்வாகிகளையும் சந்திக்கக் கேட்டிருக்கிறேன். ஒருவர் சரி என்றார். இருவர் இன்னும் பதில் சொல்லவில்லை. லயத்துக் குடும்பங்களின் பெயர்களை நான் எழுதி வைத்துவிட்டேன்.