தர்மபுரி திண்டுக்கல் ஆன கதை

பென்னாகரத்துல ஒரு பிரவுசிங் சென்டர். ஏதோ ஒரு பரீட்சைக்கு ஆன்லைன்ல அப்ளிகேஷன் போட உட்கார்ந்திருக்கீங்க. கடைசி தேதி. பின்னால நாலு பேர் வெயிட்டிங். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் அடிச்சு முடிச்சு, 'மாவட்டம்' கட்டத்துல தர்மபுரியை செலக்ட் பண்றீங்க. திரை ஒரு தடவை வெள்ளையா மின்னுது. பார்த்தா, பக்கத்தோட உச்சியில நிக்கிறீங்க! மவுஸ் வீலை உருட்டி உருட்டி கீழே வந்து தாலுகாவை செலக்ட் பண்ணினா, மறுபடி உச்சி. பரமபதத்துல பாம்பு கடிச்ச மாதிரி.

இது ஏன் நடக்குது? தர்மபுரி மாவட்டத்துல ஏழு தாலுகா இருக்கு. பாலக்கோடு, அரூர், காரிமங்கலம்னு அந்தப் பட்டியல் உங்க கம்ப்யூட்டர்ல கிடையாது, சர்வர்ல இருக்கு. நீங்க மாவட்டத்தைச் சொன்ன பிறகுதான் அது வரும். பழைய பாணியில் எழுதப்பட்ட பக்கங்கள், இந்தச் சின்னப் பட்டியலுக்காக மொத்தப் படிவத்தையும் சர்வருக்கு அனுப்பி, மொத்தப் பக்கத்தையும் புதுசா வாங்கிட்டு வரும். பிரவுசரைப் பொறுத்தவரை அது புதுப் பக்கம். புதுப் பக்கம்னா மேலேயிருந்துதானே ஆரம்பிக்கணும்?

நாமளா எஃப்5 தட்டினா கதை வேற. அப்போ பிரவுசர் பழைய இடத்தை ஞாபகம் வச்சு அங்கேயே விடப் பார்க்கும். ஆனா உள்ளே இருக்கிற பட்டியல் ரெண்டு நொடி லேட்டா வந்து சேர்ந்தா, அந்த நேரத்துல பக்கத்துக்கு அவ்வளவு நீளமே இருக்காது. இறங்க இடம் இல்லாம மேலேயே நின்னுடும்.

"பூட்டு போட்ட பக்கத்துலதான் இப்படி ஆகுது"ன்னு நிறைய பேர் சொல்றாங்க. (அந்தப் பூட்டுப் படத்தையே குரோம் 2023ல எடுத்துடுச்சு, அது தனிக்கதை.) பூட்டு மேல தப்பு இல்லை பாஸ். எச்.டி.டி.பி.எஸ். என்பது வழியில யாரும் ஒட்டுக் கேட்காம இருக்கத்தான். ஆனா இப்படிப்பட்ட தளங்கள் பல, 'நோ-ஸ்டோர்' என்று ஒரு உத்தரவையும் சேர்த்து அனுப்பும். "இந்தப் பக்கத்தை எங்கேயும் சேமிக்காதே" என்று அர்த்தம். அதனால பேக் பட்டனை அழுத்தினா, பொதுவா பக்கம் திரும்ப சர்வர்லேர்ந்து வரணும். நீங்க அடிச்சது காலியாகியிருக்கலாம். கடுப்பாத்தான் இருக்கும். ஆனா நீங்க எழுந்து போன பிறகு, அதே சேர்ல உட்கார்றவர் பேக் அழுத்தி உங்க பிறந்த தேதியையும் போன் நம்பரையும் படிக்கக் கூடாதில்லையா?

கரன்ட் கட் விஷயத்திலும் இதே மாதிரி ஒண்ணு இருந்தது. பயர்பாக்ஸ் திடீர்னு மூடினா, மறுபடி திறக்கும்போது விட்ட இடத்தையும் அடிச்சதையும் திருப்பித் தரும். 2011ல நாலாவது பதிப்பு வர்ற வரைக்கும், பூட்டு இல்லாத பக்கங்களுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை!

சரி, உச்சிக்குப் போனா என்ன, உருட்டி இறங்கிக்கலாமேன்னு தோணும். ஆபத்தே அந்த உருட்டல்லதான். 'தேர்வு மையம்' கட்டத்துல தர்மபுரியை செலக்ட் பண்றீங்க. இது குதிக்காத கட்டம். ஆனா கை பழக்க தோஷத்துல வீலை உருட்டுது. கட்டம் இன்னும் செலக்ட் ஆகியே இருந்து, மவுஸும் அது மேலேயே இருந்தா, சில பிரவுசர்கள்ல பக்கம் நகராது, கட்டத்துக்குள்ள இருக்கிற ஊர் நகரும். ஆங்கில அகர வரிசையில தர்மபுரிக்கு அடுத்து யாரு? திண்டுக்கல்! விடியக்காலை ஹால் டிக்கெட்டோட பஸ் ஏறப் போறது நீங்கதான்.

அதனால, கட்டத்துல செலக்ட் பண்ணினதும் வெத்து இடத்துல ஒரு கிளிக் பண்ணிட்டு அப்புறம் உருட்டுங்க. இல்லேன்னா டேப் கீயை மட்டும் தட்டிப் போங்க. உச்சிக்குப் போயிட்டா, கன்ட்ரோலும் எஃப்-பும் சேர்த்து அழுத்தி, விட்ட கட்டத்தோட தலைப்பை அடிங்க, நேரா கொண்டு போய் விடும். கன்ட்ரோலும் மைனஸும் ரெண்டு தடவை தட்டினா எழுத்து சின்னதாகும், ஆனா குதிக்கிற தூரமும் குறையும். குதிக்கிற கட்டங்களை முதல்ல முடிச்சிடுங்க. போட்டோ, பாஸ்வேர்டு ரெண்டையும் கடைசிக்கு வைங்க. பக்கம் புதுசா வரும்போது மத்தது நின்னாலும் இந்த ரெண்டும் பெரும்பாலும் காலியாகிடும். பணம் கட்டுற பக்கத்துல எஃப்5 பக்கமே கை போகக் கூடாது. "திரும்ப அனுப்பவா?"ன்னு பிரவுசர் கேட்டா, யோசிக்காம ஓகே கொடுக்காதீங்க.

செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியிலோ வேற எங்கேயோ புராஜெக்ட் பண்ற கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கு ஒரு வார்த்தை. இதைச் சரி பண்ண நோ-ஸ்டோரைத் தூக்கிடாதீங்க. ஏ.எஸ்.பி. டாட்நெட்டா இருந்தா, 2005ல வந்த 2.0 பதிப்பிலேயே 'மெயின்டெய்ன் ஸ்க்ரோல் பொசிஷன் ஆன் போஸ்ட்பேக்' இருக்கு. ட்ரூன்னு போட்டா போதும். விட்ட இடத்தை ஒரு மறைவான கட்டத்துல வச்சு, படிவத்தோடயே அனுப்பித் திரும்ப வாங்கிக்கும். வேற மொழின்னா, பக்கம் போகும்போது ஸ்க்ரோல் எண்ணை மட்டும் செஷன் ஸ்டோரேஜ்ல வச்சு, பட்டியல் முழுசா வந்த பிறகு அங்கே இறக்கி விடுங்க. பட்டியல் வர்றதுக்கு முன்னால இறக்கினா பழைய கதைதான். டேப்பை மூடினா அந்த எண்ணும் போயிடும், அடுத்தவர் கையில சிக்காது.

மத்தவங்க சப்மிட் அழுத்துறதுக்கு முன்னால பிரிவியூல மாவட்டம், தாலுகா, தேர்வு மையம் மூணையும் விரல் வச்சுப் படிங்க. பின்னால நிக்கிற நாலு பேரும் ஒரு நிமிஷம் நிக்கட்டும்.