வாசலுக்கு வரும் பால்

சென்னை, கோயம்புத்தூர் முதலிய பட்டணங்களில் இப்பொழுது ஒரு புதுமை நடைபெறுகிறது. இரவில் கைபேசி மூலம் கேட்டால், விடியுமுன் கண்ணாடிப் புட்டியில் பசும்பால் வாசற்படிக்கு வந்துவிடுகிறது. பழைய காலம் திரும்பிவிட்டதென்று விளம்பரங்கள் குதூகலிக்கின்றன. புட்டிப் பாலுக்கு விலை அதிகம். பழமைக்கும் சேர்த்தே விலை வாங்குகிறார்கள் போலும்!

கோவில்பட்டிப் பிரதேசத்து வாசகர்களுக்கு இது புதுமையன்று. பால்காரர் பசுவையே தெருவுக்கு ஓட்டிவந்து, செம்பைக் கவிழ்த்துக் காட்டி, வீட்டார் கண்ணெதிரே கறந்து, உழக்கால் அளந்து ஊற்றிய காலத்தைக் கண்ட முதியோர் இன்னும் இருக்கிறார்கள். சுவரில் கரிக்கோடு போட்டு, மாதக் கடைசியில் எண்ணிக் கணக்குத் தீர்ப்பார்கள். அந்த நினைவு இனியதுதான். ஆனால் அதிலும் தண்ணீர் கலந்திருக்கிறது. செம்பைக் கவிழ்த்துக் காட்டவேண்டி வந்ததே எதற்காக? கன்று இறந்தால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தாயின் முன் நிறுத்திக் கறந்த கொடுமையையும் நாம் மறைப்பதற்கில்லை.

ஆயினும் அந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருந்தது. கறந்தவரே விற்றார், விலை முழுவதும் அவர் மடியிலேயே விழுந்தது. புதிய ஏற்பாட்டில் அது எங்கே விழுகிறது என்பதே நமது கேள்வி.

கரிசல் காட்டில் பால் என்பது மழையின் மறுபெயர். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைத்த சோளம் விளைந்தால் மனிதனுக்குத் தானியம், மாட்டுக்குத் தட்டை. பருத்தி விளைந்தால் பஞ்சு ஆலைக்கு, கொட்டை ஆட்டுரலுக்கு. (அக்கொட்டையிலிருந்து மனிதர்களும் பருத்திப்பால் காய்ச்சிக் குடிப்பது நம் பக்கத்துச் சிறப்பு.) இன்று சோளம் விளைந்த நிலங்கள் பலவற்றில் மக்காச்சோளம் நிற்கிறது. உழவுக்கு டிராக்டர் வந்தது, மாடு குறைந்தது, படப்பும் குறைந்தது. தட்டையையும் புண்ணாக்கையும் விலைக்கு வாங்கி ஓரிரு கறவைகளை வைத்திருக்கும் குடும்பத்துக்கு, கோடையில் பால் விற்ற பணம் தீவனக்காரரிடமே போய்ச் சேருகிறது. சாணம் அள்ளுவதும் தண்ணீர் சுமப்பதும் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் உழைப்புக்குக் கூலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

1945-ல் குஜராத்தின் கைரா ஜில்லாவில் பால் வாங்கும் ஏகபோகத்தைப் பம்பாய் சர்க்கார் ஒரு தனிக் கம்பெனிக்குக் கொடுத்தது. சர்தார் படேலின் யோசனைப்படி உழவர்கள் பதினைந்து நாள் பால் கொடுக்க மறுத்தார்கள். திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் அவர்கள் அமைத்த சங்கம் 1946 டிசம்பரில் பதிவாயிற்று. அமுல் பிறந்த கதை இதுவே. நமது ஆவினும் அதே கூட்டுறவு வழியில் நடப்பதுதான். அன்று கைரா உழவர் மறுத்தது ஏகபோகத்தை மட்டுமன்று. விலையை வேறொருவர் நிர்ணயிப்பதையுமேயாம்.

புட்டிக் கம்பெனிகளோ பாலைவிடப் பெயரையே அதிகம் விற்கின்றன. 'ஏ2' என்னும் அடையாளத்தை நீக்கவேண்டுமென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்ட் 21-ல் உத்தரவிட்டது. 26-ல் அவ்வுத்தரவை அதுவே வாபஸ் பெற்றது. ஐந்து நாளில் பால் தயிராகும்; உத்தரவு ஆவியாயிற்று!

கண்ணாடிப் புட்டியை நாம் வெறுக்கவில்லை. 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் தடை அமுலாகியபோதும் பால் பைகளுக்கு விலக்களிக்க நேர்ந்தது. கழுவித் திரும்ப நிரப்பும் புட்டி அதற்கு நல்ல மாற்று. ஆனால் புட்டியை நிரப்பும் கை உற்பத்தியாளர் சங்கத்தின் கையாக இருக்கவேண்டும்.

நமது ஊழியர்களுக்கு இங்கே வேலை காத்திருக்கிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் வட்டாரங்களில் கறவை வைத்திருப்போரைத் தெருவாரியாகச் சங்கங்களில் சேர்க்கவேண்டும். வீட்டு வாசலில் பால் கொடுக்கும் பொறுப்பைச் சங்கங்களே ஏற்கவேண்டும். கொழுப்பையும் பிற சத்தையும் அளக்கும்போது பால் கொண்டுவந்தவர் கண்ணால் பார்க்க உரிமை வேண்டும். அறுவடைக் காலத்தில் தட்டையை மலிவாக வாங்கிச் சேமித்து, சித்திரை, வைகாசியில் அதே விலைக்குக் கொடுக்கும் தீவனக் கிடங்குகளை சர்க்கார் திறக்கவேண்டும். வருகிற தை அறுவடைக்கு முன் இதற்கு இடமும் பணமும் ஒதுக்கும்படி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.