சுற்றி வரும் ஆறு பேர், சுற்றாத தெரு

2023 செப்டம்பர். சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. உலகத் தரவரிசையில் எழுபதுக்கும் கீழே இருந்த இந்திய ஆண்கள் கைப்பந்து அணி, முந்தைய போட்டியில் வெள்ளி வென்ற தென் கொரியாவை ஐந்து செட் போராடி 3-2 என்று சாய்த்தது. அடுத்து சீன தைபேயையும் நேர் செட்களில் வென்றது. தமிழ்நாட்டின் முத்துசாமி அப்பாவு அந்த அணியில் செட்டர். அதே மாதம் இங்கே டெல்டாவில் காவிரித் தண்ணீர் வராமல் குறுவை கருகிக்கொண்டிருந்தது. தண்ணீர் பற்றிய கவலைக்கு நடுவிலும் எங்கள் தெருப் பையன்கள் செல்போனைச் சுற்றி உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

பிறகு காலிறுதியில் ஜப்பானிடம் தோற்றோம். ஐந்தாம் இடத்துக்கான ஆட்டத்தில் பாகிஸ்தானிடமும் தோற்றோம். ஆறாம் இடம். பத்திரிகைகள் இரண்டு நாள் பாராட்டிவிட்டுக் கிரிக்கெட்டுக்குத் திரும்பின. நாம் அப்படித் திரும்பிவிடக் கூடாது. இந்த அணியின் கதையில் நமக்கும் பங்கு இருக்கிறது.

கணக்கை முதலில் பார்ப்போம். 1952இல் மாஸ்கோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் போட்டியில் இந்தியா எட்டாம் இடம் பிடித்தது. 1958 டோக்கியோ ஆசியப் போட்டியில் வெண்கலம். 1962 ஜகார்த்தாவில் வெள்ளி. 1986 சியோலில் ஜிம்மி ஜார்ஜ், சிரில் வள்ளூர், உதயகுமார் ஆடிய அணி மீண்டும் வெண்கலம் வாங்கியது. அத்தோடு சரி. அதன் பிறகு ஆசியப் போட்டியில் ஒரு பதக்கமும் இல்லை. ஒலிம்பிக்கில் இந்திய ஆண்கள் அணி ஒரு முறைகூடக் கால் வைத்ததில்லை. தெற்காசியப் போட்டியில் மட்டும் தங்கம் வருகிறது, 2019இல் காத்மாண்டுவில் வந்ததுபோல.

1958இல் நமக்கு ஒரு படி மேலே வெள்ளி வாங்கிய நாடு ஈரான். 2014, 2018, 2023 என்று தொடர்ந்து மூன்று ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்றதும் அதே ஈரான்தான். ஒரே மேடையில் பக்கத்தில் நின்ற இரண்டு அணிகள். ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது. ஏன்?

உயரம் போதாது என்பார்கள். பணம் இல்லை என்பார்கள். கூட்டமைப்புக்குள் கோஷ்டிச் சண்டை என்பார்கள். கடைசிக் காரணம் உண்மை. 2016 டிசம்பரில் சர்வதேசக் கூட்டமைப்பே இந்தியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. அதிகாரிகள் நாற்காலிக்குச் சண்டை போட்டார்கள், ஆட்டக்காரர்களின் வருடங்கள் வீணாகின. சாதி ஒழிந்தால் மறுநாளே ஒலிம்பிக் பதக்கம் வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் ஒருபோதும் எழுதப்படாத ஒரு காரணம் உண்டு. ஆடத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் மைதானத்தின் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்கள் என்ற கேள்வி அது.

டெல்டாவில் பிறந்தவர்களுக்கு வாலிபாலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தையில் சம்பா அறுத்துவிட்டால், ஆனியில் ஆற்றுத் தண்ணீர் வரும்வரை வயல் காய்ந்து கிடக்கும். இரண்டு மூங்கில், ஒரு நெட், ஒரு பந்து போதும். கிரிக்கெட்டுக்கு வேண்டிய மட்டையும் காலுறையும் இதற்கு வேண்டாம். கூலி வேலை முடித்து வந்தவர்கள் பொழுது சாயும்வரை ஆடுவார்கள். ஆனால் அந்த வயல் யாருடையது? நடவு நட்டதும் அறுத்ததும் நம் வீட்டுப் பெண்களும் ஆண்களும். நெட் கட்ட மட்டும் நிலக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவருக்குக் கோபம் வந்தால் மறுநாள் காலை ஏர் ஓட்டியிருக்கும், ஆட்டம் முடிந்தது.

ஒரு கைப்பந்துக் களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நான்கு சென்ட். சுற்றிலும் ஓட இடம் விட்டால் ஒன்பது சென்ட். தஞ்சாவூர்க் கணக்கில் கால் மாவுக்குச் சற்றே கூடுதல். வேலிக் கணக்கில் நிலம் கோயில்களிடமும் மடங்களிடமும் மிராசுகளிடமும் இருந்த மண்ணில், தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களின் பிள்ளைகளுக்குச் சொந்தமாகக் கால் மா இல்லை. இந்திய அணி மாஸ்கோ போன அதே 1952இல்தான் தஞ்சை மாவட்டத்துக்குப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நாட்டின் அணி உலக அரங்கில் ஸ்மாஷ் அடித்துக்கொண்டிருந்தபோது, நம் தாத்தாக்கள் பண்ணையாள் என்ற பெயரிலிருந்து வெளியே வரப் போராடிக்கொண்டிருந்தார்கள். பதினாறு ஆண்டு கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, கூலி கேட்டுச் சங்கம் சேர்ந்ததற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். விளையாட்டு இந்த வரலாற்றுக்கு வெளியே எங்கோ தனியாக நடக்கவில்லை.

நாம் மாணவர்களாக இருந்தபோது ஒரு ஊரில் பொங்கல் டோர்னமெண்டுக்குப் போனோம். பெயர் பதிகிற மேசையில் முதல் கேள்வி, "எந்த ஊர்?" சொன்னோம். இரண்டாவது கேள்வி, "எந்தத் தெரு?" அதையும் சொன்னோம். மேசைக்குப் பின்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "டீம் ஃபுல் ஆயிடுச்சு தம்பி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்கள். நமக்குப் பின்னால் வந்த அணியின் பெயரை எழுதிக்கொண்டார்கள். அடியும் இல்லை, திட்டும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட அங்கே யார் என்ன சொன்னார்கள்? ஒன்றுமில்லை. ஆனால் அன்று நம்மோடு வந்தவர்களில் எல்லாரையும்விட உயரம் எழும்பி அடிக்கக்கூடிய ஒரு பையன், அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. அவன் தோற்றுப்போய் வெளியேறவில்லை. ஆடவே விடப்படவில்லை.

இது புதிதல்ல. பல்வங்கர் பாலு 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த தலித் பந்துவீச்சாளர். ஆனாலும் இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் பெண்கள் ஹாக்கி அணி தோற்றபோது, வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதி சொல்லி வசை பாடினார்கள். வென்றால் நாட்டின் மகள், தோற்றால் சாதிக்காரி. இந்த இரண்டு பேரும் வாசலைத் தாண்டி உள்ளே போனவர்கள். தாண்ட முடியாதவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

கைப்பந்தின் விதியையே யோசித்துப் பாருங்கள். எதிரணியிடமிருந்து செர்வீஸைப் பறித்தால் ஆறு பேரும் கடிகாரச் சுற்றில் ஓர் இடம் நகர வேண்டும். முன்வரிசையில் நின்றவர் பின்னால் போவார், பின்னால் நின்றவர் முன்னால் வருவார். பிறந்த இடத்திலேயே நிற்க யாருக்கும் உரிமை இல்லை, கட்டாயமும் இல்லை. ஒருவரே இரண்டு முறை தொடர்ந்து பந்தைத் தொட்டால் தவறு. அடுத்தவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். இப்படி ஓர் ஆட்டத்தை, குடியானத் தெருவுக்கு ஓர் அணி, சேரிக்கு ஓர் அணி என்று பிரித்து ஆடுகிறோம். களத்துக்குள் இடம் சுழல்கிறது. களத்துக்கு வெளியே தெரு அசையவே இல்லை.

தேசிய அணியில் யார் எந்தச் சாதி என்று தேடுவது நம் வேலை அல்ல. அது அவர்களுக்கும் அவமானம், நமக்கும் அவமானம். நம் கேள்வி வேறு. ஊரில் தொடங்கி மாவட்டம், விளையாட்டு விடுதி, ரயில்வே அல்லது வங்கி அணி, அங்கிருந்து தேசிய முகாம் என்று போகிற அந்த ஏணியின் முதல் படி யார் கையில் இருக்கிறது?

தமிழக அரசு எல்லா ஊராட்சிகளுக்கும் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தது. நல்லது, வரவேற்கிறோம். உங்கள் ஊராட்சியில் அந்தப் பெட்டி இப்போது எங்கே இருக்கிறது? சாவி யாரிடம்? நம் குடியிருப்புப் பிள்ளைகள் கேட்டால் பந்து கையில் வருகிறதா? மைதானம் என்று கணக்கில் காட்டிய இடம் ஊரின் எந்தப் பக்கம்? அங்கே நம் பெண் பிள்ளைகள் மாலை ஆறு மணிக்கு நெட் கட்டி ஆட முடிகிறதா?

தோழர்களே, இதைப் புலம்பலாக விட்டுவிட வேண்டாம். அடுத்த கிராம சபையில் இந்தக் கேள்விகளை எழுந்து நின்று கேளுங்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்: மாவட்ட விளையாட்டு விடுதியில் பட்டியல் சாதி மாணவர்கள் எத்தனை பேர், உபகரணங்கள் எந்தத் தேதியில் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன என்று. 2024இல் பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டத்துக்குத் தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதியில் குடியிருப்புக்கு அருகே ஒன்பது சென்ட் பொது இடம் கேட்பது பிச்சை அல்ல.

நீங்களே டோர்னமெண்ட் நடத்தினால் ஒன்று செய்யுங்கள். பெயர் பதிகிற மேசையில் ஊரின் பெயரை மட்டும் எழுதுங்கள். எந்தத் தெரு என்று யாரையும் கேட்காதீர்கள்.