நல்லூழ் என்பது யாருடைய உழைப்பு?

எழுத்துத் துறையில் ஒருவர் பெயர் பெற்றுவிட்டால், "அவருக்கு அதிர்ஷ்டம் இருந்தது" என்கின்றனர். பெயர் பெறாமற் போனால், "அவருக்கு யோகம் இல்லை" என்கின்றனர். இத்தீர்ப்புகளை வழங்குவோரிற் பலர் அவ்விருவர் நூல்களையும் விலை கொடுத்து வாங்காதவர்கள். வாங்காத குற்றத்தை விண்மீன்களின்மேல் ஏற்றிவிட்டால் மனச்சான்று உறுத்தாதன்றோ?

மற்றொரு சாரார், முயற்சி ஒன்றே போதும், முயன்றவன் வென்றே தீருவான் என்று மேடைதோறும் முழங்குகின்றனர். கேட்பதற்கு இனிதாயினும் இக்கூற்றும் உண்மையன்று. உழைத்தும் உயராதவன் ஒழுங்காக உழைக்கவில்லை என்னும் பழி இதனுள் மறைந்து கிடக்கிறது. பாரதியாரின் உழைப்பிற் குறை காண வல்லவர் எவர்? தம் நூல்கள் அனைத்தையும் தொகுத்து வெளியிட அவர் தீட்டிய திட்டம் நிறைவேறவில்லை. நாற்பது வயது நிறையுமுன், 1921இல், அவர் மறைந்தார். அவருடைய படைப்புகளின் உரிமையைச் சென்னை அரசு ஏற்றது 1949இல். இடையே 28 ஆண்டுகள் ஓடிவிட்டன. தமிழ்ச் சிறுகதையின் போக்கையே மாற்றிய புதுமைப்பித்தன் 1948இல், 42 வயதில், காசநோய்க்கு இரையானார். இவ்விருவரும் முயலவில்லை என்று சொல்லும் நா உண்டோ?

வள்ளுவர் இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்தவர். ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அதன் வலிமையை மறையாது உரைத்தார். பின்னர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்து, தளராது முயல்வோர் அவ்வூழையும் புறங்காண்பர் என்று நெஞ்சுரம் ஊட்டினார். முந்தியதை மட்டும் படித்தவன் சோம்பேறியாவான். பிந்தியதை மட்டும் படித்தவன் பிறர் துன்பம் அறியாதவனாவான். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே கல்வி.

இனி, எழுத்துலகில் ஊழ் என்று சொல்லப்படுவது யாது? கூர்ந்து நோக்கின், அது பெரும்பாலும் வேறொருவர் உழைப்பேயாகும். 1880ஆம் ஆண்டில் சேலம் இராமசாமி முதலியார் முன்சீபாகக் கும்பகோணத்திற்கு வந்தார். தம்மைக் காண வந்த உ. வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். அந்த வினா ஐயர் தேடிப் பெற்றதன்று. அரசுப் பணியின் இடமாற்றம் கொண்டுவந்து சேர்த்தது. அதனை நல்லூழ் எனலாம். ஆயினும், தொழிலால் நீதித் துறையினரான ஒருவர் பழந்தமிழ் நூல்களில் வேட்கை கொண்டிருந்ததனாலன்றோ அவ்வினா பிறந்தது? அதன்பின் ஏடு தேடியும், பாடம் ஒப்புநோக்கியும், பொருள் விளங்காத இடங்களில் உறக்கமிழந்தும் ஐயர் உழைத்த ஏழாண்டுகளின் பயனாக 1887இல் சிந்தாமணி அச்சேறியது. முதலியாரின் வினா இல்லையேல் ஐயரின் உழைப்பு வேறு வழிச் சென்றிருக்கும். ஐயரின் உழைப்பு இல்லையேல் அவ்வினா காற்றோடு கலந்திருக்கும்.

ஜெயகாந்தனின் கதையும் இத்தகையதே. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்றார். இதனைத் தனிமனித முயற்சியின் வெற்றி என்று மட்டும் மாணவர்க்குக் கற்பித்தல் அரைகுறைப் பாடமாகும். சிறுவயதிலேயே அவரை ஏற்றுக்கொண்ட பொதுவுடைமைக் கட்சி அலுவலகமும், அங்கே அவருக்கு வாய்த்த பெரியோர் தொடர்பும், படிக்கக் கிடைத்த நூல்களும் அவருக்குப் பள்ளிக்கூடமாயின.

இவ்வுண்மைக்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டுவதில்லை. லேடாங் மலையடிவாரத்தில், மூவாருக்கும் சிகாமட்டுக்கும் இடையே அமைந்த தங்காக், துணிக்கடைகளுக்குப் பெயர் பெற்ற சிற்றூர். தலைநகரின் பதிப்பகங்களும் இதழ் அலுவலகங்களும் அதற்குத் தொலைவிலிருந்தன. அவ்வூரில் வாழ்ந்துகொண்டே மலேசியத் தமிழ் இலக்கியத்தில் நிலைத்த பெயர் பெற்றவர் மா. இராமையா. 1953இல் மா. செ. மாயதேவனுடன் இணைந்து 'இரத்த தானம்' என்னும் சிறுகதைத் தொகுப்பை வெளியிட்டார். பின்னர் 'மூங்கிற் பாலம்' என்னும் நாவலைப் படைத்தார். அவற்றோடு நில்லாது, பிற எழுத்தாளர்களின் படைப்புகளையும் வரலாற்றையும் திரட்டி மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறு எழுதினார். தம் பெயர் நிற்பதற்கே காலம் போதாது என்று பலர் புலம்புகையில், பிறர் பெயர் அழியாதிருக்க அவர் உழைத்தார். வருங்கால ஆய்வு மாணவன் ஒருவன் மறக்கப்பட்ட எழுத்தாளர் ஒருவரை அவ்வரலாற்றிற் கண்டெடுப்பானாயின், அந்த எழுத்தாளருக்கு வாய்த்த 'அதிர்ஷ்டம்' தங்காக்கில் ஒருவர் விழித்திருந்த இரவுகளேயன்றி வேறன்று.

அத்தலைமுறைக்கும் ஏணி வைத்தோர் இருந்தனர். 1950ஆம் ஆண்டையொட்டித் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தி, எழுத விழைந்தோர்க்குச் சிறுகதைக் கலையைக் கற்பித்தனர். நகரத்திலிருந்தோர்க்கு மட்டுமன்று, நாளிதழ் சென்று சேரும் தோட்டத்து இளைஞனுக்கும் அவ்வகுப்பின் கதவு திறந்திருந்தது. அதனால் பயன்பெற்றோரைப் பிறர் அதிர்ஷ்டசாலிகள் என்றிருக்கலாம். ஆனால், அந்த அதிர்ஷ்டத்தைத் திட்டமிட்டு உண்டாக்கியவர்கள் மனிதர்கள்.

1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோயிற்று. ஓர் ஏணி சாய்ந்தது. அதன் இடத்தில் வேறோர் ஏணியை நிறுத்தாமல், இன்றைய இளைஞர்க்கு ஆர்வமில்லை என்று குறை கூறுதல் எவ்வகையில் நேர்மையாகும்?

தமிழாசிரியர்களே இவ்விடத்தில் சிந்திக்கற்பாலர். மாணவனின் கட்டுரையில் எழுத்துப் பிழைகளைச் சுழித்துப் புள்ளி இடுவதோடு கடமை முடிவதில்லை. அதில் உயிருள்ள ஒரு வாக்கியம் இருப்பின், அதனைச் சுட்டிக்காட்டி, "இதுபோல் இன்னொன்று எழுது" என்று சொல்லும் ஆசிரியரே அம்மாணவனின் நல்லூழ். அச்சொல்லைக் கேளாமலே பள்ளியை விட்டு வெளியேறிய திறமைகளுக்கு எந்த இலக்கிய வரலாற்றிலும் இடமில்லை.

மாணவர்க்கும் ஒன்று உரியது. வாய்ப்பு எப்போது வரும் என்பதை அறிவார் இலர். வரும்போது கையில் எழுதி முடித்த படைப்பு இருத்தல் வேண்டும். நாள்தோறும் படித்தலும், எழுதியதை அடித்துத் திருத்தி மீண்டும் எழுதுதலும் அவனவன் கையில் உள்ளவை. அவற்றைச் செய்யாதவன் ஊழை நோவதற்கு உரிமையற்றவன்.

எழுதுவது எழுத்தாளனின் முயற்சி. அதனைப் படிப்பதும், விலை கொடுத்து வாங்குவதும், அடுத்தவர் கையிற் சேர்ப்பதும் சமுதாயத்தின் முயற்சி. இப்பின்னதைச் செய்யாத சமுதாயமே தன் குறைக்கு ஊழ் என்று பெயரிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.