பீடியை விட்டா வயிறு அடைச்சுக்குமா?

வெளிக்குப் போறதைப் பத்தியெல்லாம் எழுதணுமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். ஆனா யாரும் பேசாம விட்டதாலதான் எங்க ஊர்ல பல பேர் விட்ட பீடியைத் திரும்பப் பிடிச்சாங்க. அதுல நானும் ஒருத்தன்.

முப்பது வருசம் பீடி குடிச்சேன். காலையில எந்திரிச்சதும் ஒரு டீ, ஒரு பீடி. பாதி எரியறதுக்குள்ள வயிறு கூப்பிட்டுடும். 'ஒண்ணு இழுத்தாத்தான் வெளிக்குப் போகும்' என்பது இங்கே எல்லாரும் நம்புற விஷயம்.

முதல் தடவை விட்டப்ப மூணு நாள் வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு. உப்புசத்துல குனிஞ்சு களை எடுக்க முடியலை. நாலாம் நாள் பக்கத்துக் காட்டு அண்ணன் ஒண்ணை நீட்டினார். "உடம்புக்குப் பழகிருச்சு தம்பி, சும்மா வருத்திக்காதே." இழுத்தேன். பத்து நிமிசத்துல வயிறு லேசாச்சு. நம்ம உடம்பே கேக்குதுன்னு அப்புறம் ரெண்டு வருசம் குடிச்சேன்.

இருமல் தாங்காம ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனப்பதான் டாக்டரம்மா விளக்கினாங்க. பீடியில இருக்கிற நிகோட்டின் குடலை முடுக்கிவிடும். அது நின்னதும் குடல் கொஞ்ச நாள் மந்தமாகும். பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துல சரியாயிடும். எனக்கு அப்பத்தான் புரிஞ்சது. சாட்டை அடிக்கே நடந்து பழகின மாடு, சாட்டையைக் கீழே போட்டா ரெண்டு நாள் நின்னு பாக்கும். அதுக்காகத் திரும்பச் சாட்டையை எடுக்கறதா?

ரெண்டாம் தடவை தயாராத்தான் விட்டேன். எந்திரிச்சதும் ரெண்டு செம்பு தண்ணி, கொஞ்ச தூரம் நடை. வயிறு கூப்பிட்டாலும் கூப்பிடாட்டியும் அதே நேரத்துக்குப் போய் உக்காருவேன். வாய் சும்மா இருக்க மாட்டேங்குதுன்னு மிக்சர் தின்னுட்டு இருந்தேன், அதை நிறுத்திட்டு கொய்யா. மதியம் கம்மஞ்சோறு, கீரை. இதையெல்லாம் ஒரே நாள்ல கூட்டக் கூடாது, காத்து சேர்ந்து உப்புசம் அதிகமாகும். டீயையும் பாதியாக் குறைச்சேன். பீடியை விட்டப்புறம் டீ, காப்பியோட வேகம் உடம்புல ரொம்ப நேரம் தங்குமாம். படபடப்புக்கும் தூக்கம் வராததுக்கும் அதுவும் ஒரு காரணம். எனக்குச் சரியாக மூணு வாரம் ஆச்சு.

மெடிக்கல்ல பேதி மாத்திரை வாங்கி வாரக்கணக்கா நீங்களே போட்டுக்காதீங்க. மலத்தோட ரத்தம் போனாலோ, எடை குறைஞ்சாலோ, வலியும் வாந்தியும் இருந்தாலோ 'பீடி விட்டதால'ன்னு இருந்துடாம டாக்டரைப் பாருங்க.

தியேட்டர்ல நுரையீரலைக் காட்டறாங்க, பீடிக்கட்டு மேல பயமுறுத்துற படம் போடறாங்க. எல்லாம் சரிதான். ஆனா விடணும்னு முடிவு பண்ணினவனைத் திரும்ப இழுக்கறது பல சமயம் இந்தச் சின்ன அவஸ்தைதான். அதை முன்கூட்டியே சொல்லிட்டா அவன் பயப்பட மாட்டான். டவுன்ல இருந்து அப்பாவுக்குப் போன் பண்ணி "விட்டுடுங்கப்பா"ன்னு சொல்ற பிள்ளைங்க, நாலு நாள் கழிச்சு இன்னொரு போன் பண்ணி "வயிறு எப்படிப்பா இருக்கு?"ன்னும் கேளுங்க. வெக்கப்பட வேண்டாம். பீடிக்கட்டுலயே அச்சடிச்சிருக்கிற 1800-11-2356 இலவச நம்பரையும் சொல்லிக் குடுங்க. விடுறதுக்கு வழி சொல்லத்தான் அதை வச்சிருக்காங்க.

அன்னிக்குப் பீடி நீட்டின அண்ணன் போன வாரம் அவரும் விட்டுட்டார். நேத்து, "வயிறு எப்படிண்ணே?"ன்னு கேட்டேன். பதில் சொல்லாம முகத்தைத் திருப்பிக்கிட்டார். நாலு கொய்யாவைப் பறிச்சு அவர் துண்டுல போட்டுட்டு வந்தேன்.