டக்டை அடைக்காதீங்க, சாமி!

பக்கத்து வீட்டில் வேலை நடந்தால் நாம் சத்தத்துக்குத்தான் சண்டை போடுகிறோம். கவனிக்க வேண்டியது டக்டை. இங்கே புனேயில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் டக்ட் பொது. கிச்சனைப் பெரிதாக்கப் பக்கத்து வீட்டுக்காரர் அதை அடைக்கக் கிளம்பினார். கேஸ் கீசர் இருக்கும் என் பாத்ரூமுக்கு அது ஒன்றுதான் காற்றுவழி. அடைத்தால் உள்ளே கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. குளிக்கப்போன பிள்ளை மயங்கி விழுந்தால்தான் தெரியும்.

"வெளியூர்க்காரங்க, நமக்கேன் வம்பு" என்று நம்மவர்கள் ஒதுங்குவது சரியில்லைங்க. வாடகை வீடானாலும் மூச்சு நம்முடையதுதானே! முதலில் நேரில் போய்ச் சொல்லுங்கள். அன்றைக்கே சொசைட்டி செக்ரட்டரிக்கு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். கமிட்டி அனுமதியில்லாமல் கட்டிடத்தில் கைவைக்கக் கூடாது என்று பைலாவே சொல்கிறது. நான் சொன்னதும் அவர் கோபிக்கவில்லை, டக்டை விட்டுவிட்டார். சிமென்ட் காய்ந்தபிறகு சொல்லியிருந்தால் விட்டிருப்பாரா?